இன்னொரு ஸலாஹுத்தீன் வருவாரா? ஹித்தீனுக்கு முந்தைய 13 ஆண்டுகள்

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்துபோனது நினைவிருக்கும். முதலாம் ராஜேந்திர சோழரின் ஆடித் திருவாதிரை விழா அது. அவருடைய கடல் கடந்த படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையும் சேர்த்துக் கொண்டாடினார்கள். நினைவு நாணயம் வெளியிடப்பட்டது. ராஜராஜருக்கும் ராஜேந்திரருக்கும் தமிழகத்தில் பிரம்மாண்டமான சிலைகள் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. மாநில அரசும் இதே நாளை அரசு விழாவாகக் கொண்டாடி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னர் யாருக்குச் சொந்தம் என்ற போட்டி, நம் பெரம்பலூர், அரியலூர் மக்கள் கண்முன்னாலேயே நடந்தது.

மன்னர்களை மதிப்பதில் தவறில்லை. சோழர்களின் ஏரிகளும் கல்வெட்டுகளும் நமக்கும் சொந்தமானவைதான். ஆனால் வரலாற்று மன்னர் ஒருவர் அரசியல் மேடைக்கு அழைத்து வரப்படும்போது, அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது பின்னால் போய், சிலையும் கோஷமும் முன்னால் வந்துவிடுகின்றன. இது அடுத்தவர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்து நம் வீடுகளில் அழாதவர் இல்லை. அதே நாட்களில் நம் இளைஞர்களின் கைப்பேசி ஸ்டேட்டஸ்களில் ஒரு படம் திரும்பத் திரும்ப வந்தது. குதிரை, வாள், பின்னால் குப்பத்துஸ் ஸக்ரா, மேலே ‘எங்கே இன்னொரு ஸலாஹுத்தீன்?’ என்ற வரி. 2023 நவம்பரில் துருக்கியின் டிஆர்டி தொலைக்காட்சி ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களைப் பற்றிய தொடரை ஒளிபரப்பத் தொடங்கியதும் இந்த ஏக்கம் இன்னும் பெருகியது. தொடரில் வாள்வீச்சு நிறைய. அந்த மாவீரர் வாளை உறையிலேயே வைத்துக்கொண்டு செய்த வேலைகளைக் காட்ட எந்தத் தொடருக்கும் பொறுமை இருக்காது. நாம் இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் காலத்தைச் சரியாக நிறுத்திக்கொள்வோம். சிலுவைப் படைகள் பைத்துல் முகத்தஸைப் பிடித்தது 1099 ஜூலை 15-ல். அப்போது கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்டுகொண்டிருந்தவர் முதலாம் குலோத்துங்கர். 88 ஆண்டுகள் கழித்து, 1187-ல் ஸலாஹுத்தீன் அதை மீட்டபோது இங்கே மூன்றாம் குலோத்துங்கர் ஆட்சிக்கு வந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடப்புத்தகத்தில் இரண்டும் தனித்தனிப் பாடங்களில் இருப்பதால், இவை ஒரே காலத்தவை என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

ஏன் இழந்தோம்?

1099-ல் முஸ்லிம் உலகத்தில் படைகளுக்குப் பஞ்சமில்லை. ஹலப் நகரை ரிள்வான் ஆண்டார். திமிஷ்க்கை அவருடைய உடன்பிறந்த துகாக் ஆண்டார். இருவரும் ஒருவருக்கொருவர் பகை. எகிப்தை ஆண்ட ஷீஆ ஃபாத்திமிகள், சிலுவைப் படை வடக்கே அந்தாக்கியாவில் நிற்கும் நேரம் பார்த்து, 1098-ல் பைத்துல் முகத்தஸைத் துருக்கியரிடமிருந்து பறித்தார்கள். ஓராண்டு கூட அவர்களால் அதை வைத்திருக்க முடியவில்லை. அதன் பின்பும் பாடம் படிக்கவில்லை. 1140-ல் திமிஷ்க்கின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த முயீனுத்தீன் உனுர், இமாதுத்தீன் ஸங்கிக்குப் பயந்து, ஜெருசலத்தின் கிறிஸ்தவ மன்னருடனேயே கூட்டு வைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது ‘அவர்கள் எவ்வளவு மோசம்’ என்று தோன்றும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751-ல் இந்த வாலிகண்டபுரம் வட்டாரத்தில்தான் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகப் போட்டியிட்ட சந்தா சாஹிபின் படையும் முஹம்மது அலியின் ஆதரவுப் படையும் எதிரெதிரே நின்றன. முன்னவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், பின்னவருக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். கோட்டையின் பொறுப்பாளரோ எந்தப் பக்கம் சாய்ந்தால் லாபம் என்று இருதரப்பிடமும் பேசிக்கொண்டிருந்தார். சந்தா சாஹிப் மறு ஆண்டே கொல்லப்பட்டார். வென்ற முஹம்மது அலி ஆங்கிலேயரிடம் கடனில் மூழ்கினார். 1801-ல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. முயீனுத்தீன் உனுரின் கதைக்கும் இதற்கும் ஆறு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, நடந்தது ஒன்றுதான்.

எகிப்தில் தொடங்கிய வேலை

ஸலாஹுத்தீன் ஹிஜ்ரி 532-ல் (1137–38) இராக்கின் திக்ரீத்தில் பிறந்த குர்து இனத்தவர். தந்தை நஜ்முத்தீன் அய்யூபும் சிறிய தந்தை ஷிர்கூஹும் ஸங்கி குடும்பத்தின் தளபதிகள். இமாதுத்தீன் ஸங்கி 1144-ல் எடெஸ்ஸாவை மீட்டார். அவர் மகன் நூருத்தீன் (ரஹ்) 1154-ல் திமிஷ்க்கைத் தம் ஆட்சியில் இணைத்தார். பைத்துல் முகத்தஸ் இன்னும் எதிரியின் கையில் இருக்கும்போதே, ஒருநாள் மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைப்பதற்கென்று ஹலப் நகரில் ஒரு மிம்பரைச் செய்யச் சொன்னவர் அவர்தான். அதாவது ஸலாஹுத்தீன் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. அவருக்கு முன் இரண்டு தலைமுறை உழுது வைத்திருந்தது. ‘ஒரே மனிதர் வந்தார், எல்லாம் மாறியது’ என்ற கதை இங்கேயே உடைந்துவிடுகிறது.

சிறிய தந்தையுடன் எகிப்துக்குப் போக அவருக்கு விருப்பமே இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். போனார். 1169-ல் ஷிர்கூஹ் இறந்ததும், முப்பதைத் தாண்டிய வயதில், ஒரு ஷீஆ கலீஃபாவுக்கு ஸுன்னி வஸீராக அமர்ந்தார். விசித்திரமான நிலைமை! நூருத்தீன் அவசரப்படுத்தியும் அவர் உடனே ஆட்சியை மாற்றவில்லை. முதலில் மத்ரஸாக்களைத் திறந்தார். பழைய கெய்ரோவில் ஷாஃபிஈ மத்ஹபுக்கு ஒன்று, மாலிகி மத்ஹபுக்கு ஒன்று. பின்னர் ஹனஃபி மத்ஹபுக்கு ஸுயூஃபிய்யா. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கப்ருக்கு அருகே மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் வருமானம் தரும் சொத்துகளை வக்ஃப் செய்தார். ஒரு மத்ஹபைத் தூக்கி மற்றதை மட்டம் தட்டவில்லை என்பதை நம் ஊர்களில் தொப்பிக்கும் விரலசைப்பதற்கும் சண்டை போடுகிறவர்கள் கவனிக்கலாம். 1171-ல் ஜும்ஆ குத்பாவில் அப்பாஸிய கலீஃபாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது கெய்ரோவில் கலவரம் எதுவும் எழவில்லை. இரண்டு நூற்றாண்டு ஃபாத்திமி ஆட்சி ஒரு குத்பாவில் முடிந்தது.

வாக்குவாதத்துக்குரிய 13 ஆண்டுகள்

1174-ல் நூருத்தீன் இறந்தார். அவருடைய மகன் சிறுவர். ஸலாஹுத்தீன் அதே ஆண்டு திமிஷ்க்குக்குள் நுழைந்தார். 1174-க்கும் 1186-க்கும் இடையில் அவர் சிலுவைப் படையினரோடு போரிட்டதைவிட முஸ்லிம் ஆட்சியாளர்களோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். 1175-ல் ஹமாவுக்கு அருகே ஸங்கி குடும்பப் படைகளோடு போர். ஹலபை முற்றுகையிட்டார், மோசூலை முற்றுகையிட்டார். இரண்டு முறை ஹஷாஷீன் கூட்டத்தார் அவரைக் கொல்ல முயன்றார்கள்.

இது ஜிஹாதா, குடும்ப ஆட்சியை விரிக்கும் வேலையா? இந்தக் கேள்வி இன்றைய மேற்கத்திய ஆய்வாளர்கள் கிளப்பியது அல்ல. ஸங்கி குடும்பத்தை ஆதரித்த வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அப்போதே கேட்டார். எஜமானின் மகனிடமிருந்து நாட்டைப் பறித்துக்கொண்டார் என்ற பேச்சு அன்று பரவலாகவே இருந்தது. தம் சகோதரர்களுக்கும் மருமக்களுக்கும் ஊர்களைப் பிரித்துக் கொடுத்ததையும் மறுக்க முடியாது. நம் கணிப்பு இதுதான்: அவருக்கு அரசியல் ஆசை இருந்தது, அதைவிடப் பெரிய இலக்கும் இருந்தது. அந்த இலக்குக்காக ஆசையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் இணைத்த முறையைப் பாருங்கள். நூருத்தீனின் விதவையான இஸ்மத்துத்தீன் அம்மையாரை மணந்து பழைய அரண்மனையோடு உறவை ஏற்படுத்தினார். 1183-ல் ஹலபை எடுத்தபோது அதன் ஆட்சியாளருக்கு ஸின்ஜாரையும் வேறு ஊர்களையும் பதிலாகக் கொடுத்தார். மோசூலை அவரால் வெல்ல முடியவில்லை. கடுமையாக நோயுற்று ஹர்ரானில் படுத்திருந்தார். 1186-ல் ஏற்பட்ட சமாதானத்தில் மோசூலின் ஆட்சியாளர் பதவியிலேயே இருக்கட்டும், அழைக்கும்போது படை அனுப்பட்டும் என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு ஹித்தீனில் மோசூல் வீரர்கள் அவரோடு நின்றார்கள். தோற்றவரின் மானத்தைப் பறிக்காததால் கிடைத்த படை அது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய காளி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத்கூட முதலில் மோசூலின் தூதராக எதிர்த்தரப்பிலிருந்து வந்தவர்தான்.

இதற்கிடையே சிலுவைப் படையினரோடு பலமுறை போர்நிறுத்தம் செய்தார். 1177-ல் ரம்லாவுக்கு அருகே, தொழுநோயாளியான இளம் மன்னர் நான்காம் பால்ட்வினிடம் படுதோல்வி அடைந்து உயிர் தப்பியதே பெரும்பாடாக இருந்தது. துருக்கித் தொடர் ரசிகர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்காமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது கடல் சம்பந்தப்பட்டது. 1182–83 குளிர்காலத்தில் கரக் கோட்டையின் ரெஜினால்ட், கப்பல்களைப் பிரித்து ஒட்டகங்களில் ஏற்றி அகபா வளைகுடாவுக்குக் கொண்டுபோய் மீண்டும் பூட்டி, செங்கடலில் இறக்கினார். ஹாஜிகளும் இந்தியச் சரக்கு ஏற்றிய வணிகர்களும் போய்வரும் வழி அது. ஐதாப் துறைமுகத்தைச் சூறையாடிய கூட்டம் ஹிஜாஸ் கரையில் இறங்கி மதீனாவை நோக்கியும் நகர்ந்தது. எகிப்தின் கடற்படைத் தளபதி ஹுஸாமுத்தீன் லுஃலுஃ அவர்களைத் துரத்திப் பிடித்தார். மிளகும் துணியும் இந்தியாவிலிருந்து ஏதன் வழியாக எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதால், அந்தக் கப்பல்கள் மூழ்கியதில் நம் கரையோர வணிகர்களுக்கும் பங்கு உண்டு. ஹாஜிகளிடம் வசூலிக்கப்பட்டுவந்த வரியையும் ஸலாஹுத்தீன் நீக்கினார். மக்காவின் அமீருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடாகப் பணமும் கோதுமையும் அனுப்பினார். 1183-ல் ஹஜ்ஜுக்கு வந்த அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர் இதை மனமுருகிப் பாராட்டியிருக்கிறார்.

ஹித்தீனும் பைத்துல் முகத்தஸும்

ரெஜினால்ட் 1187-ன் தொடக்கத்தில், போர்நிறுத்தம் நடப்பில் இருக்கும்போதே ஒரு வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தார். ஈடு கொடுக்கும்படி அவருடைய சொந்த மன்னரே சொல்லியும் கேட்கவில்லை. ஜூலை 4-ல் ஹித்தீனில், தண்ணீரின்றித் தவித்த சிலுவைப் படை சிதைந்தது. பிடிபட்ட மன்னர் கீயுக்குக் குளிர்ந்த நீர் கொடுத்த கைதான் ரெஜினால்டின் மீது வாளை வீசியது. பிடிபட்ட துறவிப் போர்வீரர்கள் ஏறத்தாழ இருநூறு பேருக்கும் மரண தண்டனை. சுல்தானைச் சாந்தமே உருவானவராகக் காட்டுகிறவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 583 ரஜப் 27. பாலியன் என்ற பிரபு நகரத்தை ஒப்படைத்தார். ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் கொடுத்து நாற்பது நாட்களுக்குள் வெளியேறலாம் என்பது உடன்பாடு. ஏழைகள் ஏழாயிரம் பேர் அளவுக்கு 30,000 தீனார் மொத்தமாகக் கட்டப்பட்டது. தம்பி அல்ஆதில் ஆயிரம் பேரைத் தமக்குக் கேட்டு வாங்கி அப்படியே விடுதலை செய்தார். தலைமைப் பாதிரியார் தேவாலயச் செல்வத்தோடு பத்தே தீனார் கட்டி வெளியேறினார். பறித்துக்கொள்ளுங்கள் என்று அமீர்கள் சொல்லியும் சுல்தான் வாக்கை மீறவில்லை. புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் சொன்னவர்களுக்கு, அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அதை விட்டுவைத்தார்கள் என்பதே பதிலாக இருந்தது. கீழைக் கிறிஸ்தவர்கள் தங்கினார்கள். பின்னர் யூதர்களும் திரும்பி வந்தார்கள். 1099-ல் அதே தெருக்களில் நடந்த படுகொலையை அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

ஆனால் கணக்கை முழுமையாக எழுத வேண்டும். பணம் கட்ட முடியாமல் எஞ்சியவர்கள் பல ஆயிரம் பேர், அவர்கள் அடிமைகளாக்கப்பட்டார்கள். அன்றைய போர் வழக்கம் அது. நம் பயான்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெளியில் யாராவது எடுத்துச் சொன்னதும் நம் பிள்ளைகள் திகைக்கிறார்கள். அவர்களுக்கு நம் வாயாலேயே தெரிந்திருப்பது நல்லது.

அடுத்த வாரம் ஜும்ஆவில் காளி முஹ்யித்தீன் இப்னுஸ் ஸகீ குத்பா ஓதினார். நூருத்தீன் செய்யச் சொன்ன மிம்பர் ஹலபிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டது. அந்த மிம்பர் 1969 ஆகஸ்ட் 21 வரை அங்கேயே இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவன் அக்ஸாவுக்கு வைத்த தீயில் அது எரிந்தது. அந்தத் தீயின் பின்விளைவாகத்தான் அடுத்த மாதம் ரபாத்தில் முஸ்லிம் நாடுகள் கூடின. இன்றைய இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பிறந்தது. இப்போது இருப்பது ஜோர்டானில் செய்து 2007-ல் நிறுவப்பட்ட மிம்பர்.

பிறகு மூன்றாம் சிலுவைப் போர். ஸூர் நகரத்தைப் பிடிக்காமல் விட்டது அவருடைய பெரிய சறுக்கல். விடுவிக்கப்பட்டவர்களெல்லாம் அங்கே கூடினார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் அக்கா முற்றுகை. 1191-ல் அக்கா வீழ்ந்ததும் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், பிடிபட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 2,700 பேரைக் கொன்றார். அதே ரிச்சர்டோடு 1192 செப்டம்பரில் ஸலாஹுத்தீன் மூன்று ஆண்டு எட்டு மாதங்களுக்கு உடன்படிக்கை செய்தார். ஸூரிலிருந்து யாஃபா வரை கடற்கரை அவர்களுக்கு. பைத்துல் முகத்தஸ் நமக்கு. கிறிஸ்தவ யாத்ரீகர்கள் ஆயுதமின்றி வந்துபோகலாம். படை களைத்திருந்தது, கருவூலம் காலியாக இருந்தது. பேச்சுவார்த்தை என்றாலே துரோகம் என்று எழுதுகிற நம் இளைஞர்கள் இந்த உடன்படிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும். (ரிச்சர்டின் நாடும், அவரோடு வந்த பிலிப்பின் நாடும் 2025 செப்டம்பரில்தான் பாலஸ்தீனை அரசாக அங்கீகரித்தன. நம் இந்தியா 1988-லேயே அங்கீகரித்தது.)

47 திர்ஹம்

1193 மார்ச் 4-ல், ஹிஜ்ரி 589 ஸஃபர் 27-ல் திமிஷ்க்கில் மறைந்தார். எகிப்து முதல் மோசூல் எல்லை வரை ஆண்டவரின் கருவூலத்தில் இருந்தவை 47 வெள்ளி திர்ஹம்களும் ஒரு தங்கக் காசும். சொந்தமாக வீடோ தோட்டமோ இல்லை. ஹஜ் செய்ய வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. ஒரு முதிய வணிகர், சுல்தான் தம் அடிமை ஒருவரை முறையின்றி எடுத்துக்கொண்டார் என்று இப்னு ஷத்தாதிடம் வழக்குக் கொண்டுவந்தபோது, சுல்தான் தம் ஆசனத்திலிருந்து இறங்கி அவருக்குச் சமமாக அமர்ந்து பதில் சொன்னார். சாட்சிகள் சுல்தான் பக்கம் இருந்தார்கள்; வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் அந்த முதியவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

ஆனால் அவர் கட்டியது அவரோடு பாதி போயிற்று. மகன்கள் அஃப்ளல் திமிஷ்க்கிலும் அஸீஸ் எகிப்திலும் இருந்து ஒருவர்மேல் ஒருவர் படையெடுத்தார்கள். சில ஆண்டுகளில் சிறிய தந்தை அல்ஆதில் இருவர் பங்கையும் எடுத்துக்கொண்டார். 1229-ல் அந்த அல்ஆதிலின் மகன் அல்காமில், குடும்பச் சண்டையில் கை ஓங்குவதற்காக, பைத்துல் முகத்தஸைப் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக்குக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஹரம் ஷரீஃப் வளாகம் மட்டும் முஸ்லிம்களிடம் இருந்தது. திமிஷ்க்கின் பெரிய பள்ளிவாசலில் ஸிப்த் இப்னுல் ஜவ்ஸீ அன்று ஆற்றிய உரையைக் கேட்டு மக்கள் கதறியதாக வரலாறு சொல்கிறது. ஸலாஹுத்தீன் இறந்து 36 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவர் விட்டுச்சென்றவற்றில் நீண்ட காலம் நின்றவை வக்ஃபுகள். அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பைத்துல் முகத்தஸில் பாபுல் அஸ்பாத் அருகே, அன்னாள் தேவாலயமாக இருந்த கட்டடத்தை 1192-ல் ஷாஃபிஈ மத்ரஸாவாக வக்ஃப் செய்தார். ஸலாஹிய்யா என்று பெயர் பெற்ற அந்த மத்ரஸா காலப்போக்கில் கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. 1856-ல், கிரிமியா போரில் உதவியதற்கு நன்றியாக உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் அதைப் பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியனுக்குக் கொடுத்துவிட்டார். எந்தப் படையும் வந்து பிடிக்கவில்லை. ஸலாஹுத்தீனின் வக்ஃபைச் சொல்லும் அரபுக் கல்வெட்டு இன்றும் வாசலுக்கு மேல் இருக்கிறது. உள்ளே பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமான தேவாலயம்.

2025 வக்ஃப் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், ‘உமீத்’ இணையதளத்தில் ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் விவரத்தையும் ஏற்ற ஜூன் 6-லிருந்து ஆறு மாதம் தந்தார்கள். செப்டம்பர் 15-ல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் சில பிரிவுகளுக்கு மட்டுமே இடைக்காலத் தடை விதித்தது. கெடுவைப் பொதுவாக நீட்டிக்க மறுத்து, தேவைப்படுவோர் வக்ஃப் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று டிசம்பரில் சொல்லிவிட்டது. நீண்டகாலப் பயன்பாட்டை மட்டும் காட்டிப் புதிதாக ஓர் இடத்தை வக்ஃப் என்று கோரும் வழியும் மூடப்பட்டுவிட்டது. நம் இரு மாவட்டங்களிலும், லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதல் ஜெயங்கொண்டம் வரை, பழைய பள்ளிவாசலோ கப்ரஸ்தானோ உள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் சொத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா, சர்வே எண்ணும் பட்டாவும் ஒத்துப்போகின்றனவா, விவரம் தளத்தில் ஏறி ஒப்புதல் பெற்றதா என்று பார்த்தாக வேண்டும். ஏறாதவற்றுக்குத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். நிர்வாகிகள் பலருக்குக் கணினி பழக்கமில்லை. குதிரையும் வாளும் ஸ்டேட்டஸ் வைத்த பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வரும். இந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியைச் சந்தித்து, அலமாரியில் இருக்கும் ஆவணங்களைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யத் தொடங்கலாம்.